எந்தக் கட்டத்தில் எழுதுவது

எங்களைப் போன்ற குடும்பங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வரிசையில் நிற்பவர்களில், யார் கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை கனமாகத் தொங்குகிறதோ, அதற்குள் ஒரு பாலித்தீன் கவர், அந்தக் கவருக்குள் இன்னொரு கவர் இருக்கிறதோ, அது நாங்கள்தான். நிலத் தகராறுக்கு வருகிறவர்களும் பையோடுதான் வருவார்கள். ஆனால் அவர்கள் பையில் போட்டோ இருக்காது.

எங்கள் பையில் தம்பியின் போட்டோ ஒன்பது வயதிலிருந்து இருக்கிறது. இப்போது அவனுக்கு 31. மூளை முடக்குவாதம். வலது கையும் இரண்டு கால்களும் சொன்ன பேச்சைக் கேட்காது. பேச்சு நாலைந்து சொற்கள்தான். அந்த நாலைந்தையும் அம்மாவைத் தவிர வெளியாட்கள் புரிந்துகொள்ள ஒரு வாரமாவது ஆகும்.

அந்த முதல் போட்டோ எடுத்தது 2003இல். ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கு முழு உருவப் படம் வேண்டும் என்றார்கள். அம்மா அதைத் திருவிழாவுக்குப் போவதுபோல எடுத்துக்கொண்டாள். தம்பிக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, அந்த வருஷத் தீபாவளிச் சட்டையையும் முழுக்கால் சட்டையையும் மாட்டி, அப்பா தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் ஸ்டூடியோவுக்குப் போனோம். ஸ்டூடியோ அண்ணன் நல்லவர். தம்பியைச் சிரிக்க வைக்க நாக்கைத் துருத்தி என்னென்னவோ செய்தார். ஒரு படம் எடுத்தார். அப்புறம் தயங்கிக்கொண்டே, "அக்கா, கவர்மென்ட்டுக்குன்னா கால் தெரியணும். பேண்ட்டக் கழட்டிருங்க" என்றார்.

அம்மா கழற்றினாள். இஸ்திரி போட்ட பேண்ட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். சிரித்த படத்துக்கும் சேர்த்து அப்பா காசு கொடுத்தார். அது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மற்றது பையில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சமீபத்தில் ஒரு தோழி, "உங்களுக்கெல்லாம் நெறைய ஸ்கீம் இருக்குல்ல?" என்று கேட்டாள். குத்தலாக இல்லை, நிஜமான அக்கறையோடுதான். இருக்கிறது. எங்கே இருக்கிறது, யாருக்கு இருக்கிறது, எந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் கிடைக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் கட்டம், சதவீதம். எங்கள் உலகத்தில் ஒரு பிள்ளையின் பெயர், வயசுக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுவது "எத்தனை பர்சன்ட்?" என்பதுதான். 40க்குக் கீழே என்றால் சட்டத்தின் கணக்கில் பெரும்பாலான சலுகைகளுக்கு ஆள் இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான் சொன்னது, அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன, புதியதில் 21. ஆட்டிசம், தசைச்சிதைவு, ரத்தம் உறையாமை, அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் என்று பலர் உள்ளே வந்தார்கள். அரசு வேலையில் இட ஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆயிற்று. நல்ல சட்டம். ஆனால் வகை, சதவீதம் என்ற இரண்டு கட்டங்களும் அப்படியே இருக்கின்றன.

தம்பிக்கு முதல் சான்றிதழில் போட்டது "கை கால் இயக்கக் குறைபாடு, 60 சதவீதம்". நாங்கள் அதை ஒரு மார்க் ஷீட்டைப் போலப் பத்திரமாக வைத்திருந்தோம். எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் மாதாந்தர உதவித்தொகைக்கு அப்பா மனு போட்டுக்கொண்டே இருந்தார். தகுதி இல்லை என்றே பதில் வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா ரைஸ்மில்லில் மூட்டை எடை போடுகிறவர். திரும்பத் திரும்பக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைக்கும் தலைமுறை.

காரணம் தெரிந்தது ஒரு பெஞ்சில். ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. தென்காசியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். அதைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் பொறியியல் கல்லூரி மாணவராக இருக்கும்போது கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981இல் ஒரு கூரைக் கொட்டகையில் சில பிள்ளைகளை வைத்துத் தொடங்கினார். பிற்பாடு தசைச்சிதைவு உள்ள ஆடிட்டர் சங்கரராமனும் சேர்ந்துகொண்டார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சக்கர நாற்காலியில் இருக்கிற இரண்டு பேர் நடத்துகிற இடம் என்பதால் அங்கே படி இல்லாத இடம் எது, தண்ணீர்க் குழாய் எந்த உயரத்தில் என்பதையெல்லாம் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதல் தடவை போனபோது அம்மா கவனித்தது அதைத்தான். "குழாயப் பாத்தியாட்டி, அவன் ஒசரத்துக்கு இருக்கு" என்றாள்.

அங்கே தெரபி நடக்கிற நேரத்தில் வெளியே பெஞ்சில் அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒருநாள் கடையம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, எங்கள் பையை வாங்கிச் சான்றிதழைப் புரட்டினாள். படிக்கத் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் என்ன இருக்கும் என்று தெரியும். "எக்கா, ஒங்க மகனுக்குக் கை காலுன்னு மட்டும்லா போட்ருக்காங்க. மூளை வளர்ச்சிக்குப் பாக்கலயா? அது வேற கணக்கு, இது வேற கணக்கு."

அவ்வளவுதான் விஷயம். கை கால் பாதிப்பு என்றால் பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 சதவீதம் வேண்டும். அறிவுத்திறன் குறைபாடு என்றால் 40 போதும். தம்பிக்கு இரண்டும் உண்டு. டாக்டர் முதலில் கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறார், நாங்கள் கேட்கவில்லை. எட்டு வருஷ உதவித்தொகை ஒரு கட்டத்தில் எழுதாமல் விட்டதில் போயிற்று.

அடுத்து நடந்ததை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மனநல ஆலோசகர் தம்பிக்குச் சோதனை வைத்தார். மேஜையில் கட்டைகள், நிறங்கள், படங்கள். எது பெரியது, எது சிவப்பு, நாய் எங்கே. வீட்டில் நாங்கள் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் அவன் இதில் எதற்கும் ஒழுங்காகப் பதில் சொன்னது கிடையாது. அன்றைக்கு என்ன வந்ததோ, சிவப்பைத் தொட்டான். நாயைத் தொட்டான். பஸ் படத்தைக் காட்டியதும் "பாம் பாம்" என்று ஹாரன் அடித்து, ஆலோசகரைச் சிரிக்க வைத்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முகம் வெளுத்திருந்தது. மகன் முதல் தடவையாகச் சரியான பதில் சொல்கிறான், அவளுக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. பர்சன்ட் குறைந்துவிடுமே.

65 போட்டார்கள். வெளியே வந்து அம்மா தம்பிக்குப் பால்பன் வாங்கிக் கொடுத்தாள். எதற்காக வாங்கினாள், சிவப்பைத் தொட்டதற்கா, 65 வந்ததற்கா என்று நான் கேட்கவில்லை.

அந்த உதவித்தொகை பிற்பாடு 1,500 ரூபாயாக இருந்து, 2023 ஜனவரியிலிருந்து 2,000 ஆயிற்று. அதுவும் வருஷா வருஷம் ஆள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுத்தால்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய், இவன் உயிரோடு இருக்கிறான் என்று எழுதி வாங்குவோம். தம்பிக்கு அந்த அலுவலகத்து மின்விசிறி பிடிக்கும், அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பான்.

பெஞ்சுக்கு வருகிறேன். அந்தப் பெஞ்சில் கிடைத்தவை கொஞ்சநஞ்சமல்ல. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர்களுக்கு ரயிலில் சாதாரண வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவீதச் சலுகை, கூடப் போகிறவருக்கும் அதே சலுகை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தருகிற நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிக்கும் செல்லும், சேருவதற்கு முன்னால் உடம்பைச் சோதிக்க மாட்டார்கள். அரசு ஊழியராக இருந்து இறந்தவரின் இப்படிப்பட்ட பிள்ளைக்கு, சம்பாதிக்க முடியாத நிலை என்றால், ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இது தெரியாமல் ஒரு வாத்தியார் மனைவி பல வருஷம் கழித்துத்தான் விண்ணப்பித்தார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எழுதித் தர ஆள், கூடுதல் நேரம். பெரிய ஆட்களுக்கான டயபர் எந்தக் கடையில் மொத்த விலைக்குக் கிடைக்கும். இருமல் வந்தால் எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு அம்மா, பிள்ளை கஞ்சியைத் துப்பாமல் விழுங்க அதில் என்ன கெட்டியாக்கிக் கலக்க வேண்டும் என்பதை அரை மணி நேரம் சொன்னாள். அரசின் எந்தக் கையேட்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். அத்தனை வீடுகளுக்கும் ஒரு பெஞ்சு வாய்த்திருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக்கு, பஸ் இல்லாத ஊருக்கு, அம்மா இல்லாத பிள்ளைக்கு? இப்போது அரசே உலக வங்கிக் கடன் உதவியோடு 'உரிமைகள்' என்று ஒரு திட்டம் வைத்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து, தெரபியும் ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்க 'விழுதுகள்' என்ற பெயரில் மையங்கள் திறக்கிறது. பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த மையங்களில் தெரபி அறைக்கு வெளியே தயவுசெய்து ஒரு நீளப் பெஞ்சு போடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தனித்தனி பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். பெஞ்சில்தான் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாக வேண்டும். பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

பெஞ்சுக்கு அடுத்தது தார்ச்சாலை. பெஞ்சுக்கு வந்த ஒருவர்தான் அம்மாவைச் சங்கத்துக்குக் கூப்பிட்டார். போலியோவில் கால் போனவர், மூன்று சக்கர ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போவார். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம். மூச்சு வாங்கும் பெயர். ஆனால் அதில் "பாதுகாப்போர்" என்ற சொல் இருப்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். அம்மாவுக்கும் அதில் இடம் உண்டு என்று அந்தப் பெயரே சொல்கிறது. உதவித்தொகை உயர்வுக்கும், நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு நீல நிற வேலை அட்டையும் நாலு மணி நேர வேலைக்கு முழுக்கூலியும் ஒழுங்காகக் கிடைப்பதற்கும் இவர்களைப் போன்ற அமைப்புகள் தாலுகா ஆபீஸ் வாசல்களில் உட்கார்ந்தது கொஞ்சமல்ல. நம்மூரில் பலருக்கு அது "ரோட்ட மறிச்சு டிராபிக் ஜாம் பண்ணாங்க" என்கிற அளவில்தான் தெரியும்.

அம்மா ஒருநாள் போனாள். வாசலில் கோலம் போடும்போதுகூடத் தெருவில் குத்தவைத்து உட்கார வெட்கப்படுகிறவள், நடுரோட்டில் தம்பியை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். போலீஸ் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாப்பாடு போட்டுச் சாயங்காலம் விட்டார்கள். தம்பிக்கு வேன் சவாரி ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் "பாம் பாம்".

எனக்கு மறக்காதது மனு விஷயம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுதித் தருகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் எழுதும் மனுவில் கடைசி வரி எப்போதும் ஒரே மாதிரி: "ஏழையாகிய என் மீது கருணை கூர்ந்து". நான் அதற்குள் கணக்கு டீச்சர் ஆகிவிட்டேன். நானே எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்து, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை என்று எழுதி, கருணையை எடுத்துவிட்டேன். சட்டப்படி தர வேண்டியதைக் கேட்கிறோம், கருணை எதற்கு? அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான்ட்டி இருக்கு. கடைசில அந்த வார்த்தையயும் போட்ரு. ஒரு வார்த்தைதான, கெடந்துட்டுப் போகுது" என்றாள்.

போட்டேன். ரோட்டில் உட்கார்ந்தவளும் அவள்தான், கருணையைக் கேட்டு வாங்கிச் சேர்த்தவளும் அவள்தான். இதில் முரண் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. யோசித்தால் எனக்கும் தெரியவில்லை. எந்த ஆபீசரிடம் எது வேலை செய்யும் என்று அவளுக்கு இருபது வருஷ அனுபவம்.

"ஊனமுற்றோர்" என்ற சொல் போய் "மாற்றுத்திறனாளி" வந்ததும் கலைஞர் காலத்தில், எனக்கு நினைவு தெரிந்துதான். பையில் இரண்டு சொல்லும் இருக்கின்றன, தாளின் பழுப்பு நிறத்தை வைத்து எது முந்தி என்று சொல்லிவிடலாம். புதுச் சொல்லில் ஒரு மரியாதை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தம்பிக்கு என்ன மாற்றுத் திறன் என்று யாராவது கேட்டால் நான் திணறுவேன். அவனுக்குத் திறன் இருந்துதான் ஆக வேண்டுமா?

இன்னொரு கட்டம் ஜாதகக் கட்டம். எனக்குக் கல்யாணம் பார்த்தபோது பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள், பதினோராவதாகத் தம்பி. சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போகிற சாக்கில் ஒரு மாப்பிள்ளையின் அத்தை அம்மாவிடம், "பையன ஹோமுல ஏதும் விடுற யோசனை உண்டா மதினி?" என்று கேட்டார். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒருவழியாக எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆனவர், தன்னை இந்தக் கட்டுரைக்குள் இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஹோம்" என்ற சொல்லுக்கு அம்மா ஏன் அப்படி எழுந்து போனாள் என்பதற்குக் காரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அப்பா டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வந்து வாசலிலேயே நின்று சொன்னார். மனநோய் வேறு, தம்பியின் குறைபாடு வேறு. இப்போது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. நல்ல காப்பகங்கள் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லலாம், சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஹோம் என்றால் அந்தச் சங்கிலிதான்.

அதனால் எங்கள் வீட்டில் கேள்வி ஒன்றுதான். "எனக்குப் பெறவு?" இதை அம்மா கேட்கும்போது யாரையும் பார்த்துக் கேட்க மாட்டாள். அடுப்பைப் பார்த்துக் கேட்பாள். ஆனால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள்.

இந்தக் கேள்விக்குச் சட்டம் ஒரு வயசு வைத்திருக்கிறது. பதினெட்டு. அதுவரை பெற்றோர் இயல்பான காப்பாளர். பதினெட்டு முடிந்த மறுநாளிலிருந்து, பல் தேய்த்து விடுவது முதல் எல்லாம் செய்கிற அம்மா, சட்டத்தின் கண்ணில் அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியாதவள். இது எங்களுக்குத் தெரியாது. 2016இல் அப்பா தவறிப்போனபோது தம்பிக்கு 22. வீட்டைப் பெயர் மாற்றப் போன இடத்தில் மகனின் பங்குக்கு யார் கையெழுத்து என்றார்கள். வங்கியிலும் அதே நேரத்தில், ரேகை வைத்துப் பணம் எடுக்க முடியாது, பாதுகாவலர் சான்று கொண்டுவா என்றார்கள். அந்த மேலாளர் மேல் எனக்கு அப்போது இருந்த கோபம் இப்போது இல்லை. அவர் சொன்னது சட்டம். சொன்ன விதம்தான், தம்பியை அங்கே வைத்துக்கொண்டே "இவருக்கு ஒண்ணும் தெரியாதுல்ல" என்று சொன்னது, இன்னும் ஆறவில்லை.

நல்லவேளையாக நீதிமன்றம் போக வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்டத்திலேயே பாதுகாவலரை நியமிக்கலாம். கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என்று மூன்று பேர் கொண்ட உள்ளூர்க் குழு இருக்கும். இதையும் பெஞ்சில்தான் தெரிந்துகொண்டோம். 2018இல் விண்ணப்பித்தோம், அம்மா பெயரில். நிறுவனத்திலிருந்து வந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு அறுபது ஆச்சு. பத்து வருஷம் கழிச்சு மறுபடி அலையணும். அக்கா பேர்ல போட்டா என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு 29 வயசு. ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அம்மா பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் குழு கூடிய அன்று, அந்த மூன்றாவது உறுப்பினர், பார்வையில்லாதவர், தம்பியிடம் நேராகப் பேசினார். "தம்பி, அக்கா உங்களப் பாத்துக்கிடட்டுமா? சரியா?" அதுவரை எந்த ஆபீசிலும் யாரும் அவனிடம் கேள்வி கேட்டதில்லை. எங்களிடம்தான் கேட்பார்கள், அவனைப் பற்றி. தம்பி அவர் மேஜையில் வைத்திருந்த கறுப்புக் கண்ணாடியைக் கேட்டுக் கை நீட்டினான். அவர் கொடுத்தார். போட்டுக்கொண்டான். எல்லாரும் சிரித்தோம், கையெழுத்து ஆயிற்று.

பாதுகாவலர் ஆவதில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு திசையில் போகிறது. ஆளையே மொத்தமாக இன்னொருவர் கையில் கொடுக்காதே, எந்த முடிவுக்குத் துணை வேண்டுமோ அதற்கு மட்டும், அவரோடு கலந்து முடிவெடுக்கிற மாதிரி வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் போதும் என்கிறது. உரிமை பேசுகிற நண்பர்கள் பலர் பழைய முறையைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. சொத்துக்காக அண்ணன் தம்பிகளே பாதுகாவலர் ஆகி ஏமாற்றிய கதை பெஞ்சில் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் வங்கிக் கவுண்டரில் நிற்கும்போது எனக்குத் தேவைப்படுவது அந்தப் பழைய தாள்தான். அதனால் நானாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தம்பிக்காக எங்கே கையெழுத்துப் போட்டாலும் அவன் முகத்துக்கு நேரே தாளைக் காட்டி, என்ன என்று சொல்லிவிட்டுத்தான் போடுவேன். பாதி நேரம் அவன் தாளைக் கசக்கப் பார்ப்பான். அது அவன் கருத்து.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழி செய்தார்கள். செய்தி வந்த அன்று ஸ்கூட்டர்க்கார அண்ணன் போன் செய்து அம்மாவிடம் சொன்னார். அம்மா, "அப்ப பஞ்சாயத்து ஆபீசுக்குச் சாய்வுப் பாதை போடுவாங்கல்லா" என்றாள். எங்கள் பஞ்சாயத்து ஆபீசில் நாலு படி.

போன மாதம் பெஞ்சில் ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தாள். இருபத்திமூன்று வயசு இருக்கலாம். மடியில் ஒன்றரை வயசுக் குழந்தை, தலை நிற்கவில்லை. அவளிடம் மஞ்சள் பை இல்லை, கைப்பையில் இரண்டாக மடித்த ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும். யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தாள். நான் என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா நகர்ந்து போய், குழந்தையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "பேரு என்ன வச்சிருக்க?" என்று கேட்டாள். சொன்னாள். கொஞ்ச நேரம் பேரைப் பற்றியே பேசினார்கள். அப்புறம்தான் அம்மா சொன்னாள்: "சர்டிபிகேட்டுக்குப் போகையில கை காலுன்னு மட்டும் எழுத விட்ராத. என்ன?"

பாதுகாவலர் ஆனவர், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். ஜூன் கடைசிக்குள். இந்த வருஷமும் எழுத உட்கார்ந்தோம். வரவு: உதவித்தொகை 24,000. செலவு: டயபர், வலிப்பு மாத்திரை, தெரபிக்கு ஆட்டோ, ரேடியோவுக்கு செல். தம்பியின் ரேடியோவை முதல் வருஷம் சொத்துப் பட்டியலில் எழுதிக் கொடுத்தபோது ஆபீசில் சிரித்தார்கள். அந்த வரியை நான் அடிக்கவில்லை.

பக்கத்து வீட்டு மைனி ஒருத்தி உண்டு. நான் பள்ளியிலிருந்து வரும்வரை, அம்மா ரேஷனுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிற நேரத்தில், எத்தனையோ வருஷமாகத் தம்பியோடு உட்கார்ந்திருப்பவள். சொந்தமில்லை. சம்பளம் கொடுத்தால் சண்டைக்கு வருவாள். கணக்கை முடித்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டாள்:

"மைனிக்குத் தீபாவளிக்குச் சேலை எடுத்தோம்லா, அது எந்தக் கட்டத்துலட்டி வரும்?"

கட்டங்களைப் பார்த்தேன். மருத்துவம், கல்வி, போக்குவரத்து, பராமரிப்பு, இதரம். பராமரிப்பில் எழுதினேன். 850 ரூபாய்.